பேசாத புஞ்சை

எங்கள் ஊர்ப் பருத்திக் காட்டில் ஆள் பேசினால் தும்பி வராது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

தும்பி என்றால் நிஜத் தும்பி இல்லை. மருந்து வைக்கிற யந்திரம், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எங்கள் அப்பா காலத்தில் முதுகில் தகர டேங்கைக் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு காடு முழுக்க அடிப்பார்கள். அடித்துவிட்டு வந்து சோறு இறங்காமல் வாந்தி எடுத்துக் கிடப்பார்கள். இப்போது அந்தப் பாடு இல்லை. செடிகளுக்கு நடுவே அங்கங்கே காதுக் குச்சி நட்டிருக்கிறது. காய்ப்புழு இலையைக் கறும்புகிற சத்தம் நமக்குக் கேட்காது, குச்சிக்குக் கேட்கும். கேட்டதும் தும்பி கிளம்பி வந்து, எந்தச் செடியில் எந்தக் கிளையில் சத்தமோ அங்கே ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போய்விடும். அந்தச் சொட்டைப் புழு தின்றால் சுருண்டுவிடும். தின்னாமல் மேலே பட்டால் ஒன்றும் ஆகாது. மனுசருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் சொன்னார்கள். இருந்தாலும் மருந்தில் செத்தவர்கள் நிறையப்பேர் இருந்த சீமை அல்லவா, ஒரு சட்டம் போட்டு வைத்தார்கள். மனுசக் குரல் கேட்டால் அந்தப் பக்கம் தும்பி தலை காட்டக் கூடாது.

நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் ஊர் ஆவாரங்காட்டுக்குப் பொருந்தாத சட்டம். எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குப் போனாலும் பேசிக்கொண்டே போவார்கள், திரும்பும்போது இன்னும் கூடப் பேசுவார்கள். காட்டில் களை வெட்ட இறங்கினால் இந்த நிரையிலிருந்து அந்த நிரைக்குச் சத்தம் போட்டுத்தான் பேச்சு. மாமியார் கதை, மருமகள் கதை, எடுத்த சேலை, எடுக்காத சேலை. ஆய்வு நிலையத்தில் இருந்து வந்து காட்டுக்குக் காடு பலகை நட்டுவிட்டுப் போனார்கள், ‘தயவுசெய்து பேசாதீர்கள்’ என்று. அந்தப் பலகை நிழலில் உட்கார்ந்துதான் பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினார்கள்.

ஊரிலேயே பேசாத புஞ்சை ஒன்றே ஒன்று. அது என்னுடையதும் என் மதினியுடையதும்.

மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி சண்முகக்கனி. அண்ணன் இருந்த காலத்தில் அவர் பேரிலும் என் பேரிலும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்த நிலம் அது. அண்ணன் போனபிறகு அவர் பாதி மதினிக்கு வந்தது. நடுவே வரப்பு கிடையாது, வரப்புப் போட்டால் இரண்டு நிரை வீணாகும் என்று அண்ணன் போடவில்லை. அதனால் இரண்டு பேரும் ஒரே காட்டில்தான் குனிந்து நிமிர வேண்டும். ஆனால் பேச்சு வார்த்தை கிடையாது. அண்ணன் மகள் வடிவு பெரியமனுஷி ஆனபோது முதல் தண்ணீர் அத்தை ஊற்ற வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து முறை. அத்தை நான்தான். பருத்தி எடுப்புக்குப் போய்விட்டு ஓடி வருவதற்குள் மதினி அவள் தங்கச்சியை விட்டு ஊற்றிவிட்டாள். ஈரத் தரையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தவள்தான். வடிவுக்குக் கலியாணமே முடிந்துவிட்டது. பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். வாய் திறக்கவில்லை.

எங்கள் ஊரில் பேச்சை முறித்தவர்கள்கூடச் சாடையாகப் பேசிக்கொள்வார்கள். ஆட்டைப் பார்த்து, காக்கையைப் பார்த்து, “சிலதுகளுக்குச் சூடு சொரணை இல்ல” என்பார்கள். நாங்கள் அதுகூடக் கிடையாது. அவள் மேற்கே ஆரம்பித்தால் நான் கிழக்கே ஆரம்பிப்பேன். நடுவில் சந்திக்கிற இடம் வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொள்வோம். தண்ணீர்க் குடத்தை அவள் வேலிக்காத்தான் நிழலில் வைத்துவிட்டுப் போவாள். நான் குடித்துவிட்டு மூடி வைப்பேன். அது தண்ணீர், அதில் கோபம் கிடையாது.

அந்த வருசம் காய்ப்புழு ஊரைப் பிடித்தது. சப்பை மொட்டும் பூவும் காயுமாகக் குலுங்க வேண்டிய நேரத்தில் காய்க்குக் காய் ஓட்டை. தும்பியும் காதுக் குச்சியும் பழுதில்லாமல்தான் இருக்கின்றன. ஆனாலும் ஓட்டை. நிலையத்திலிருந்து ஹெலன் மேடம் வந்து புழுக்களைப் பொறுக்கிக்கொண்டு போனார். மெலிந்த உருவம், மெதுவான பேச்சு, அதுவும் கேட்டால்தான். அந்த மேடத்தின் வேலையே மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான். மருந்து தடவிய இலையோடு ஒரு கிண்ணத்தில் புழு. மருந்து தடவாத இலையோடு இன்னொரு கிண்ணத்தில் புழு. மருந்துக் கிண்ணத்துப் புழு செத்தால் மருந்து நல்ல மருந்து. சாகாவிட்டால் புழு மருந்தை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். மிஞ்சின புழு அந்துப்பூச்சியாகிப் பறந்து பக்கத்து ஊருக்குப் போய்க் குடித்தனம் நடத்துவதற்குள் அந்த ஊர்ப் பருத்தியைப் பிடுங்கிக் கொளுத்திவிட வேண்டும். இதுவும் ஒரு சட்டம்.

எங்கள் ஊர்ப் புழு சாகவில்லை.

சாவடியில் கூட்டம் போட்டு மேடம் விவரம் சொன்னார். ஊரே பேசாமல் இருந்த ஒரே கூட்டம் அதுதான். வெடிக்கப்போகிற பருத்தி. என் பாதியில் செடி இடுப்பு உயரம், காய் ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு. காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் குனிந்த இடுப்பு என்னுடையது. என் பேரில் அப்படி ஒரு விளைச்சலை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைப் பிடுங்கிக் கொளுத்துவதா?

அப்போதுதான் பக்கத்துப் புஞ்சைக்காரர் சீனிச்சாமி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் துண்டை உதறினால் யார் குடியோ கெடப்போகிறது என்று அர்த்தம்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். ஊர் பூராம் ஓட்டை. சுப்புத்தாய் பிஞ்சையில மட்டும் ஒரு இலை கடிபடல. நான் தினம் பாக்கேன். அது எப்படி?”

“அதான, அது எப்படி?” என்று நாலு பேர் எழுந்தார்கள்.

“கள்ள மருந்து அடிச்சிருப்பாளுக. அந்தக் காரத்துக்குத் தப்பிச்ச புழுதான் எங்க காட்டுக்கு வந்து எந்த மருந்துக்கும் அசராம நிக்குது. சாயங்காலமானா அந்தப் பிஞ்சையிலருந்து புழு வரிசையா என் காட்டுக்கு வருது மேடம், கலியாண வீட்டுக்கு வாரமாதிரி வருது.”

சுப்புத்தாய் என்றால் நான்தான். மதினி அந்தப் பக்கத் தூணில் சாய்ந்து நின்றாள். அவள் முகமும் வெளிறிக் கிடந்தது. நான் அடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவள் அடித்தாளா? வெளிறின முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அவளுக்கும் அதே நேரத்தில் அதே சந்தேகம் வந்திருக்கிறது, என் முகத்தைப் பார்த்து.

மேடம் எங்கள் இரண்டு பேரையும் நிலையத்துக்கு வரச் சொன்னார். கள்ள மருந்து என்று தெரிந்தால் எங்கள் புஞ்சை முதலில் எரியும், பிறகு ஊர்ப் புஞ்சை எல்லாம்.

ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம். நான் முன்னால், அவள் பின்னால். சாட்சி சொல்ல சீனிச்சாமி நடுவில். அவர்தான் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார்.

நிலையம் ஊருக்கு வெளியே, பாதை பிரிகிற விலக்கில் இருந்தது. உள்ளே போனதும் சில்லென்று குளிர், அப்படியொரு அமைதி. கோயில் கருவறைகூட அவ்வளவு அமைதியாக இராது, அங்கே மணியாவது அடிக்கும். நீளமான மேசையில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு புழு. மேலே ஒரு பெட்டி எல்லாக் கிண்ணத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுவரில் ஒரு திரை. உயிரோடிருக்கிற புழுவுக்குப் பச்சைப் புள்ளி, செத்த புழுவுக்குச் சிவப்புப் புள்ளி. திரை முழுக்கப் பச்சை.

“பாருங்க. மருந்து வச்ச கிண்ணத்துலயும் பச்சை, வைக்காத கிண்ணத்துலயும் பச்சை. எனக்கு மட்டும் ஆசையா உங்க பயிரை அழிக்க?” மேடம் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. “நீங்க என்ன அடிச்சீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க. சொன்னா ஏதாவது வழி பார்க்கலாம்.”

“நான் ஒண்ணும் அடிக்கல மேடம். எங்கப்பா மேல சத்தியம்.”

“நீங்கம்மா?”

“நானும் அடிக்கல” என்றாள் மதினி. அப்புறம் என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னாள். “ஒரு கை அடிக்கலன்னா இன்னொரு கை அடிச்சிருக்கணும்.”

சாடை! இத்தனை வருசத்தில் முதல் சாடை. மேசையைப் பார்த்து விழுந்தாலும் என் மேல்தான் விழுந்தது.

“யாரைச் சொல்றீக?” என்றேன்.

“கேக்கிறவளைத்தான் சொல்றேன்.”

“நான் கள்ளத்தனம் பண்றவளா மதினி? கூப்பிட்ட வீட்டுல கூப்பிட்ட ஆள் வாரதுக்கு முன்னால சோலியை முடிச்ச கள்ளத்தனம் யாரு பண்ணுனது?”

“ஏ, வாய அளந்து பேசு! உச்சி வெயில் வரைக்கும் பிள்ளையப் பலகையில உக்காத்தி வச்சிருந்தேன். நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுதுன்னு அய்யரு கத்துறாரு. ஒன்னைக் கூட்டிட்டு வர ஆள் விட்டேன்!”

“யாரை விட்டீக?”

“இந்தா நிக்காரே, இவரைத்தான்!”

சீனிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். “நான் போனேன் தாயி. வழியில டீக்கடையில ஒரு பேச்சு... அப்படியே...”

“அடப்பாவி மனுசா!” என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். ஆனால் அதற்காக எங்கள் சண்டை நிற்கவில்லை. அத்தனை வருசமாக அடைத்து வைத்தது, மடை உடைந்துவிட்டது. அண்ணன் சாவுக்கு நான் தலைமாட்டில் உட்கார்ந்து அழவில்லை என்றாள். உட்கார யார் இடம் விட்டது என்றேன். என் ஆடு அவள் முருங்கையைக் கடித்த கதை வந்தது. அவள் கோழி என் அடுப்பில் முட்டையிட்ட கதை வந்தது. அந்த முட்டையை நான் திருப்பிக் கொடுக்காத கதையும் பின்னாலேயே வந்தது. மேடம் கையைத் தூக்கி, “அம்மா, இங்க சத்தம் போடக் கூடாது” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அந்தச் சின்னக் குரல் எங்கள் நடுவில் எங்கே ஏறும்?

டிங் என்று ஒரு சத்தம்.

நாங்கள் கவனிக்கவில்லை. கலியாணத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தது பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிங். டிங்.

“கடைசிப் பந்திக்கு யாரு உன்னைப் போகச் சொன்னா? முதப் பந்தியில ஒனக்குன்னு எலை போட்டு, யாரும் உக்காராம நான் காவல் நின்னேன் தெரியுமா? எலை காஞ்சு சுருண்டது!” மதினியின் குரல் உடைந்தது.

அந்தக் காய்ந்த இலையை நினைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்தது. வாயை மூடினேன். அவளும் மூடினாள். அறையில் பழைய அமைதி வந்தது.

“நிறுத்தாதீங்க!”

யார் கத்தியது என்று திரும்பினால் ஹெலன் மேடம்! அந்த மனுஷிக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும். ஒவ்வொரு டிங்குக்கும் ஒன்றாகத் திரையில் அங்கங்கே சிவப்புப் புள்ளி, அம்மைக் கொப்புளம் மாதிரி.

“எதை நிறுத்தக் கூடாது மேடம்?”

“சண்டையை! போடுங்க. தயவுசெஞ்சு போடுங்க.”

“மேடம், இப்பத்தான் கொஞ்சம் ராசிக்கு வாரமாதிரி...”

“அப்ப ராசியாவே பேசுங்க. எதையாவது பேசுங்க. சத்தமா!”

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பேசு என்றால் என்ன பேசுவது? அது வரைக்கும் அருவியாகக் கொட்டியது, ஏவினதும் வற்றிவிட்டது. சீனிச்சாமிதான் கைகொடுத்தார். “நான் பேசுதேன் மேடம்” என்று டீக்கடையில் அன்றைக்கு என்ன பேச்சு நடந்தது என்பதை ஆதியோடந்தமாக ஆரம்பித்தார். மேடம் ஒரு கிண்ணத்தின் மேல் குனிந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். புழு தலையை ஆட்டி ஆட்டி இலை விளிம்பைக் கறும்பிக்கொண்டிருந்தது, பட்டினி கிடந்த பந்திக்காரன் மாதிரி.

“இப்ப மூணு பேரும் பேசாதீங்க” என்றார் மேடம்.

நிறுத்தினோம். புழுவும் நிறுத்தியது! தலையைத் தூக்கியபடி அப்படியே நின்றது, காது கொடுத்துக் கேட்கிற மாதிரி.

“பேசுங்க.”

“ஏ புழு, தின்னு” என்றாள் மதினி. தின்றது.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிறுத்து, பேசு, நிறுத்து, பேசு என்று எங்களை விளக்குச் சுவிட்சு மாதிரி போட்டுப் போட்டு அணைத்தார் மேடம். எங்கள் சிரிப்புக்குக்கூடப் புழு தின்றது. மருந்து வைத்த கிண்ணத்தில் தின்ற புழு எல்லாம் கொஞ்ச நேரத்தில் சுருண்டது. வைக்காத கிண்ணத்தில் தின்ற புழு கொழுகொழுவென்று பச்சையாகவே இருந்தது. கடைசியில் மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“மருந்து நல்லாத்தான் இருக்கு” என்றார். “மருந்துல ஒரு குறையும் இல்ல. புழு தின்னவே இல்ல, அதான் சாகல. மருந்து வைக்காத கிண்ணத்துலயும் இலை முழுசாத்தான் கிடந்தது. என் கண்ணு முன்னாலதான் கிடந்தது. நான் திரையில உயிரோட இருக்கா, செத்திருக்கான்னு மட்டும் பார்த்துட்டு இருந்திட்டேன்.”

“அது ஏன் மேடம் பேசுனாத் தின்னுது? அதுக்குக் காது ஏது?” என்று கேட்டேன்.

“காது இல்ல. உடம்புல இருக்கிற முடியில சத்தம் தெரியும் அதுக்கு. யோசிச்சுப் பாருங்க. சத்தமில்லாத நேரத்துல தின்ற புழுவுக்கு என்ன ஆகும்?”

“குச்சி கேக்கும், தும்பி வரும், செத்துப்போகும்.”

“நீங்க பேசும்போது தின்ற புழு?”

மதினி சொன்னாள், “தும்பி வராது. தப்பிச்சிரும்.”

“தப்பிச்சது குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுல எது பேச்சுச் சத்தத்துல மட்டும் தின்னுதோ அது தப்பிக்கும். வருசத்துக்கு எத்தனை தலைமுறை! இத்தனை வருசமா உங்க ஊர்ல உங்க பேச்சுக்குத் தின்கிற புழுவா வடிகட்டி எடுத்திருக்கோம். நாங்க போட்ட சட்டமும் நீங்க பேசின பேச்சும் சேர்ந்து வளர்த்த புழு இது.”

சீனிச்சாமி வாயைப் பிளந்தார். “அப்ப இவுக பிஞ்சையில?”

“இவங்க பேசல. புழு காத்திருந்து பார்த்திருக்கும். பசி தாங்காம பேச்சு கேக்கிற பக்கமா நகர்ந்திருக்கும்.”

“என் காட்டுக்கு” என்றார் சீனிச்சாமி.

“உங்க பேச்சுக்கு” என்றாள் மதினி. “கலியாண வீட்டுக்கு வாரமாதிரி வந்துச்சில்ல? பந்தி போட்டது நீருதான்!”

திரும்பும்போது ஆட்டோவில் நானும் மதினியும் பின்னால் உட்கார்ந்தோம். சீனிச்சாமி முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில், வாயே திறக்கவில்லை.

பருத்தியைப் பிடுங்குகிற உத்தரவு நின்றது. அதற்குப் பதிலாக வேறு ஒரு ஏற்பாடு வந்தது. அப்படி ஒரு உத்தரவை எந்த ஊரும் பார்த்திருக்காது. அதிகாலையில், ஆள் இறங்குவதற்கு முன், தும்பிக் கூட்டம் வந்து சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் காட்டில் பரவலாகச் சொட்டு வைத்துவிட்டுப் போகும். இலை காய்ந்து, மேடத்தின் ஆள் பச்சைத் துணி காட்டினதும் ஊர் காட்டில் இறங்க வேண்டும். இறங்கிப் பேச வேண்டும்.

அடடா, அதையல்லவா பார்த்திருக்க வேண்டும்! ‘பேசாதீர்கள்’ பலகையில் ‘பே’க்கு முன்னால் ‘நன்றாகப்’ என்று கரியால் எழுதி, பின்னால் இருந்த ‘சாதீர்கள்’ என்பதைச் சுரண்டி யாரோ ‘சுங்கள்’ ஆக்கிவிட்டிருந்தார்கள். கிழவர் முதல் கைப்பிள்ளைக்காரி வரை எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒரு நிரையில் கும்மிப்பாட்டு. ஒரு நிரையில் பழைய தேர்தல் தகராறு. மேல்கோடியில் இரண்டு பேர் ஒலிபெருக்கி இல்லாமலே ஊர்க்கூட்டம் நடத்தினார்கள். பேச்சுப் போதாதவர்கள் விடுகதை போட்டார்கள். அடுக்கடுக்காக மலைக்காற்று, பருத்தி இலையின் பச்சை வாசம், அதற்கு மேலே ஊர் மொத்தத்தின் குரல். இதற்காகக் கூலி கொடுக்க மாட்டார்களா என்று ஒருத்தி கேட்டாள். உனக்கெல்லாம் கொடுத்தால் அரசாங்கம் தாங்காது என்று இன்னொருத்தி சொன்னாள். உச்சிப்பொழுதுக்குச் செடியை உலுக்கினால் சுருண்ட புழு பொலபொலவென்று உதிர்ந்தது. கோழிகள் கிட்டே வராமல் விரட்டுவதுதான் அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளின் வேலை.

“இது எத்தனை நாளைக்கு மேடம்?” என்று நான் கேட்டேன். “பேச்சுக்குத் தின்னாத புழு வந்துராதா?”

“வரும். அது பேசாத நேரத்துல தின்னும். அதுக்குக் காதுக் குச்சி இருக்கு. பேசினா ஒரு மருந்து, பேசலன்னா ஒரு தும்பி. கொஞ்ச காலத்துக்குச் சமாளிக்கலாம்.” அப்புறம் கொஞ்சம் தயங்கினார். “ஆனா ஒண்ணு. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒரு இடம் வேணும். மருந்தும் கூடாது, பேச்சும் கூடாது. அங்க புழு என்ன பண்ணுதுன்னு பார்த்தாத்தான் இங்க நடக்கிறது மருந்தாலயா, வேற எதாலயான்னு சொல்ல முடியும். அதுக்கு உங்க ரெண்டு பேர் புஞ்சைதான் சரி. உங்களுக்குத்தான் பேசாம இருந்து பழக்கம்.”

நானும் மதினியும் முழித்தோம். இத்தனை வருசம் பேசாமல் கிடந்துவிட்டு, பேசலாம் என்று வந்த வாரத்திலேயே பேசக் கூடாது என்றால்? ஆனால் ஊர்ப் பருத்தியைக் காப்பாற்றின மனுஷி கேட்கிறார். சரி என்றோம். எங்கள் புஞ்சைக்குத் தும்பியை நிறுத்தி, பேச்சு நடந்தால் பதியக் காதுக் குச்சியை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அது முன்னைய மௌனம் மாதிரி இல்லை, பெரிய கஷ்டம். முன்னே வாய் தானாக மூடியிருந்தது. இப்போது பிடித்து மூட வேண்டியிருந்தது. நடுநிரையில் சந்திக்கும்போது திரும்பிக்கொள்ள மாட்டோம். அவள் பக்கத்துக் காட்டைக் கண்ணால் காட்டுவாள். அங்கே சீனிச்சாமி ஒரு செடியிடம் நின்று தன் சம்பந்தியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவோம். வேலை முடிந்து புஞ்சையை விட்டு வண்டிப் பாதையில் கால் வைத்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்போம். வீடு வந்த பிறகும் முடியாது.

பருத்தி வெடித்தது. ஊர்க் காடெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சிரித்தது. முதல் எடுப்பு முடிந்த சமயம் ஹெலன் மேடம் எங்கள் புஞ்சையைப் பார்க்க வந்தார். நிரை நிரையாக நடந்தார். கடிபடாத இலை, ஓட்டையில்லாத காய். தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

நாலைந்து செடிதான். ஆனால் அந்த நாலைந்து செடியில் இலை எல்லாம் சல்லடை. அதைச் சுற்றி, பாய் விரித்த மாதிரி வட்டமாக, அங்கே மட்டும். அதற்கு அப்பால் ஒரு இலைகூடக் கடிபடவில்லை.

மேடம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த காதுக் குச்சியைத் தொட்டுப் பார்த்தார். குச்சியில் எங்கள் குரல் எதுவும் பதியவில்லை. பதியாது. நாங்கள் அவ்வளவு மெதுவாகத்தான் பேசினோம். காதோடு வாய் வைத்துத்தான் பேசினோம். வடிவு முழுகாமல் இருக்கிறாள் என்று, நாங்கள் பேசின அன்றைக்குத்தான் போன் வந்திருந்தது. மதினிக்கு வண்டிப் பாதை வரை தாங்கவில்லை. அதோடு எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் நிறைவதற்குள் அந்தச் சேதியை வெளியில் சொல்லவும் கூடாது. ஊரில் யாருக்கும் கேட்காத இடம் எங்கள் புஞ்சைதானே? அந்த இடத்தில் நின்றுதான் சொன்னாள். நான் கேட்டேன், அவள் சொன்னாள், நான் மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்.

குச்சிக்குக் கேட்கவில்லை. புழுவுக்குக் கேட்டிருக்கிறது.

“இங்க யாரு பேசினது?” என்றார் மேடம்.

மதினி வானத்தைப் பார்த்தாள். நான் என் காலைப் பார்த்தேன்.

“என்ன பேசினீங்கன்னு நான் கேக்கல. நல்ல சேதியா, கெட்ட சேதியா? அதை மட்டும் சொல்லுங்க.”

“நல்லதுதான் மேடம்” என்றேன்.

மேடம் சிரித்துவிட்டு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். “அடுத்த வருசத்துக்கு நீங்க ரெண்டு பேரும் ஆக மாட்டீங்க. வேற யாரையாவதுதான் பார்க்கணும். ஊர்ல பேச்சுவார்த்தை இல்லாதவங்க யாராவது இருக்காங்களா?”

யோசித்தோம். தீவிரமாகவே யோசித்தோம்.

“சீனிச்சாமி அண்ணாச்சியும் அவர் சம்பந்தியும் இருந்தாக” என்றேன். “போன வாரம் மருந்துக் காட்டுல எதிரும் புதிருமா நின்னு வைஞ்சுகிட்டே இருந்து, வையிறதுக்கு ஒண்ணும் மிஞ்சாம ராசியாயிட்டாக.”

“வேற?”

“மேலத்தெருவுல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு... அவுகளும் பேசிட்டாகளே.”

“அப்ப யாருமே இல்லையா?” மேடத்துக்கு நிஜமாகவே கவலை.

மதினி என்னை விலாவில் ஒரு இடி இடித்தாள். “நீங்க ஏன் மேடம் கவலப்படுறீக? வளைகாப்புல முதல் வளையல் இவதான் போடணும். இவ வழக்கம்போல பிந்தி வரட்டும், சண்டையை நான் வச்சுக்கிறேன்.”

“வளைகாப்பா? யாருக்கு?”

மதினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை. மேடம் ஒன்றும் கேட்காதவர் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. பேசாத புஞ்சைக்கு நடுவில் நின்று மூன்று பேரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். காலடியில், எந்த இலைக்கு அடியிலோ, புழு தின்ன ஆரம்பித்திருக்கும்.